கிருஷ்ணாயில் யுத்தம்

சென்னையில் மண்ணெண்ணெய்க்கு மூன்று பெயர். ரேஷன் கடைப் பலகையில் மண்ணெண்ணெய். தெற்கத்திச் சீமையிலிருந்து வந்தவர்களுக்குச் சீமெண்ணெய். மயிலாப்பூர்ப் பாட்டிமார்களுக்குக் கிருஷ்ணாயில். 'கெரஸின் ஆயில்' என்று வெள்ளைக்காரன் சொன்னதை வாயில் போட்டு மென்று பகவான் நாமமாகவே ஆக்கிவிட்டார்கள், புண்ணியவதிகள்!

அந்தக் கிருஷ்ணாயிலுக்காக 1927-ஆம் வருஷம் ஒரு யுத்தம் நடந்தது. பீரங்கிச் சண்டை அல்ல. அதைத்தான் 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் செய்துவிட்டுப் போயிற்றே! துறைமுகத்தருகே பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததைக் கண்டு பாதிப் பட்டணம் மூட்டை கட்டியது. 1927-ல் நடந்தது விலைச் சண்டை. சண்டை போட்டவர்கள் அமெரிக்கரும் ஐரோப்பியரும். களம் மட்டும் நம் தேசம்.

சண்டையின் மூலம் ருஷ்யாவில் இருந்தது. பாக்கு நகரத்து எண்ணெய்க் கிணறுகளைச் சோவியத் சர்க்கார் 1920-ல் எடுத்துக்கொண்டது. அதில் பெரும் சொத்தை இழந்தது ராயல் டச்சு ஷெல் கம்பெனி. அதன் தலைவர் ஹென்றி டெட்டர்டிங், ருஷ்ய எண்ணெய் முழுவதும் திருட்டுச் சரக்கு என்று கட்சி பேசினார். (அவர் மனைவியும் ருஷ்யாவை விட்டு வந்தவர். வீட்டிலும் அதே பேச்சாக இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது!) நியூயார்க் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனிக்கு இந்த மனஸ்தாபமெல்லாம் கிடையாது. மலிவாகக் கிடைத்த ருஷ்ய மண்ணெண்ணெயை வாங்கி இந்தியாவில் விற்றது. செப்டம்பரில் டெட்டர்டிங் விலையைக் குறைத்தார். எதிராளியும் குறைத்தார். அவருக்குக் கூட்டாளியான பர்மா ஆயில் கம்பெனிக்கு வேறு வழியில்லை, அதுவும் குறைத்தது.

மாம்பலம் ஏரியில் மனை பிரித்துத் தியாகராய நகரம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. மின்சார விளக்கு வசதியுள்ள வீடுகளுக்கு மட்டும். மற்ற வீடுகளில் சாயங்காலமானால் சிம்னி துடைத்து, திரி கத்தரித்து, லாந்தர் ஏற்றவேண்டும். நாலு காலன் தகர டின் காலியானால் அதில் தண்ணீர் சுமப்பார்கள், அரிசி கொட்டி வைப்பார்கள். இப்படிப்பட்ட வீட்டுக்கு எண்ணெய் விலை இறங்கினால் லாபம்தானே? லாபம்தான்.

ஆனால் எனக்கு அதைவிட ஆச்சரியமாகத் தோன்றுவது வேறு விஷயம். கத்தரிக்காய் விலை விழுந்தால் சம்சாரி அடுத்த போகம் பயிரை மாற்றுவான். எண்ணெய் விலை விழுந்தபோது என்ன ஆயிற்று? பர்மா, அஸ்ஸாம், பஞ்சாப் மூன்றும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் முப்பது கோடி காலன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை வருஷங்களிலும் அது குறையவில்லை.

காரணம் புரிய, தியாகராய நகருக்கே வாருங்கள். நான் குடியிருந்த வீட்டில் முப்பதடிக் கிணறு ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் நூற்றைம்பது அடிக்கு போர் இறக்கினார்; எங்கள் கிணறு வற்றியது. நாங்கள் இருநூறு அடி போனோம். தண்ணீர் வேண்டுமோ வேண்டாமோ, இரண்டு மோட்டாரும் ஓடின. நான் நிறுத்தினால் அவர் உறிஞ்சிவிடுவார் அல்லவா? பூமிக்கடியில் வேலி கிடையாது.

பர்மாவில் யேனான்ஜவுங் என்ற இடத்திலும் இதே கதைதான். அங்கே இருபத்துநாலு குடும்பங்களுக்குப் பரம்பரைக் கிணற்றுரிமை. ஆளைக் கயிற்றில் கட்டி இறக்கிக் கையால் தோண்டிய எண்ணெய்க் கிணறுகள் அவை. உள்ளே இருட்டுக்குப் பழகுவதற்காக முன்கூட்டியே கண்ணைக் கட்டிவிடுவார்களாம். வாயு மூச்சை அடைக்கும். சில நிமிஷத்துக்கு மேல் தாங்காது, மேலே இழுத்துவிட வேண்டும். பிறகு கம்பெனிகள் வந்து அந்தச் சின்னச் சின்ன மனைகளை வாங்கி நெருக்கியடித்துக்கொண்டு துளை போட்டன. அங்கே எண்ணெய் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1918-ல் தனிச் சட்டமே வேண்டியிருந்தது.

இன்னொன்றும் உண்டு. துளை போடும்வரைதான் பெருஞ்செலவு. போட்ட பிறகு இறைக்கும் கூலி கொஞ்சம். வந்த விலை வரட்டும் என்று இறைக்கத்தான் தோன்றும். விலைச்சரிவு ஓடுகிற கிணற்றை நிறுத்துவதில்லை. இனிமேல் தோண்ட வேண்டிய கிணற்றைத்தான் நிறுத்துகிறது. அதன் பலன் தெரிய வருஷங்கள் ஆகும்.

டெக்ஸாஸில் 1930-ல் மாபெரும் எண்ணெய் வயல் அகப்பட்டபோது இந்தப் பைத்தியம் உச்சத்துக்குப் போயிற்று. ஒரு டாலருக்குப் போன பீப்பாய், மறு வருஷம் பத்து சென்ட்டுக்கு வந்தது. ஆளுக்கு ஆள் இன்னும் வேகமாக இறைத்தார்கள். கடைசியில் 1931 ஆகஸ்டில் கவர்னர் ஸ்டெர்லிங் பட்டாளத்தை அனுப்பிக் கிணறுகளை மூடவைத்தார். அவரே ஓர் எண்ணெய்க் கம்பெனியைத் தொடங்கி நடத்தியவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் ஊர்ச் சண்டைக்குப் பட்டாளம் தேவைப்படவில்லை. இங்கே எண்ணெய் எடுத்தவர்கள் பாதுகாப்பு வரி கேட்டுச் சர்க்காரிடம் போனார்கள். 1928-ல் டாரிஃப் போர்டு விசாரித்துக் கைவிரித்துவிட்டது. அந்த வருஷமே பர்மா ஆயிலும் ஷெல்லும் இந்திய விற்பனைக்காக ஒன்றாகிப் பர்மா-ஷெல் ஆயின. ஆகஸ்டில் டெட்டர்டிங் ஸ்காட்லாந்தில் அக்னகாரி என்ற கோட்டையை வாடகைக்குப் பிடித்துப் பறவை வேட்டைக்கு நண்பர்களை அழைத்தார். வந்தவர்கள் நியூஜெர்ஸி ஸ்டாண்டர்டின் டீகிள், ஆங்கிலோ-பெர்ஷியனின் காட்மன். எத்தனை பறவை விழுந்ததோ, செப்டம்பர் 17-ஆம் தேதியிட்ட ஒப்பந்தம் ஒன்று தயாராயிற்று. அவரவர் வியாபாரப் பங்கு அன்றிருந்தபடியே இருக்கவேண்டும். தேவைக்கு மேல் எடுக்கக் கூடாது. எண்ணெய் எங்கே எடுத்தாலும் மெக்ஸிகோ வளைகுடா விலையும் அங்கிருந்து வரக்கூடிய கப்பல் கூலியும் போட்டுத்தான் விற்கவேண்டும். பக்கத்தில் விளைந்த எண்ணெய்க்கும் ஏழு கடல் தாண்டி வந்த வாடகை! கோட்டையில் பேசியது வெகுநாள் வெளியே தெரியவில்லை.

2020-ல் கொரோனா வந்து உலகமே வீட்டுக்குள் அடைந்தபோது கிணறுகள் மறுபடியும் நிற்கவில்லை. ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்குப் பூஜ்யத்துக்கும் கீழே 37 டாலர் போயிற்று. வைத்துக்கொள்ள இடமில்லாமல் விற்பவன் காசு கொடுத்துத் தள்ளிவிட்டான். இந்தத் தடவை கோட்டை, வேட்டை எதுவும் இல்லை. எண்ணெய் நாடுகள் வீடியோவில் பேசி, நாளொன்றுக்கு 97 லட்சம் பீப்பாய் குறைக்கச் சம்மதித்திருந்தன. அடையாறு பெட்ரோல் பங்கில் ஈ காக்கை இல்லை. ஆனாலும் விலைப் பலகை இறங்கவில்லை. மே மாதம் 5-ஆம் தேதி மத்திய சர்க்கார் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரியை ஏற்றிக்கொண்டது.