17ஆம் நூற்றாண்டு டச்சு அங்கதக் கவிதையும் ஓவியமும்

17ஆம் நூற்றாண்டு டச்சு அங்கதக் கவிதை என்பது டச்சுக் குடியரசின் அரசியல், சமயப் பூசல்கள், சமூக வழக்கங்கள் ஆகியவற்றை எள்ளி எழுதப்பட்ட செய்யுள் வகை ஆகும். கவிதையும் ஓவியமும் உடன்பிறந்த கலைகள் என்னும் கருத்து அக்காலத்தில் பரவலாக நிலவியது. எனவே இக்கவிதைகளுக்கும் ஓவியங்களுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு காணப்படுகின்றது.

அரசியல் அங்கதம்

ஆர்மீனியுஸ், கோமாருஸ் ஆகிய இறையியலாளர்களைப் பின்பற்றியோரிடையே எழுந்த பிணக்கு அரசியல் மோதலாக மாறியது. இளவரசர் மொரிட்ஸ் கோமாருஸ் தரப்பைச் சார்ந்தார். எதிர்த்தரப்பின் முதன்மை அரசியலாளரான யோகான் வான் ஓல்டன்பார்னெவெல்ட் 1618இல் கைது செய்யப்பட்டு, 1619 மே 13 அன்று த ஹேக் நகரில் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்.

இம்மோதலைக் காட்டும் அச்சுப்படம் ஒன்றில் இரு தரப்பினரும் தராசில் நிறுக்கப்படுகின்றனர். இளவரசரின் வாள் வைக்கப்பட்ட தட்டே தாழ்கின்றது. வாதத்தால் அன்றி வலிமையால் வழக்கு முடிந்தது என்பது இதன் பொருள். இப்படத்துக்குக் கவிஞர் யோஸ்ட் வான் டென் வொண்டெல் (1587–1679) செய்யுள் எழுதினார்.

மொரிட்ஸ் இறந்த 1625ஆம் ஆண்டிலேயே வொண்டெலின் 'பலமேடஸ்' என்னும் செய்யுள் நாடகம் வெளிவந்தது. பொய்க் குற்றச்சாட்டால் கொல்லப்பட்ட கிரேக்கப் புராண வீரன் ஒருவனின் கதையாக அது அமைந்திருந்தது. எனினும், ஓல்டன்பார்னெவெல்டையே அது குறித்தது என்பதை வாசகர் உணர்ந்தனர். ஆம்ஸ்டர்டாம் நகர நடுவர்கள் வொண்டெலுக்கு 300 கில்டர் தண்டம் விதித்தனர். இந்நாடகத்தின் துணைத்தலைப்பு 'கொலையுண்ட குற்றமின்மை' எனப் பொருள்படும். 1663இல் ஓவியர் கோர்னெலிஸ் சாஃப்ட்லெவென் அவ்வழக்கின் நீதிபதிகளை விலங்குகளாகத் தீட்டினார். இவ்வோவியத்தின் இலத்தீன் பெயருக்கும் அதுவே பொருள். இது ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தொகுப்பைச் சேர்ந்தது.

ஓவியரான கவிஞர்கள்

சிலர் இரு கலைகளிலும் ஈடுபட்டனர். நாடக ஆசிரியர் பிரெடெரோ (1585–1618) ஓவியப் பயிற்சி பெற்றவர். ஆட்ரியான் வான் டெ வென்னெ (1589–1662) இரவலர்களையும் உழவர்களையும் எள்ளல் தோன்றத் தீட்டியவர். இவர் 1635இல் த ஹேக் நகரச் சந்தையைக் களமாகக் கொண்டு 'நகைப்புக்குரிய உலகின் சித்திரம்' எனப் பொருள்படும் அங்கதச் செய்யுள் நூலை வெளியிட்டார்.

ஓவியர் மீதான அங்கதம்

ஓவியர்களும் எள்ளலுக்குத் தப்பவில்லை. ரெம்பிராண்ட் 1632இல் தீட்டிய மூன்றாம் யாக் டெ கெய்னின் உருவப்படம் அவரைப் போல் இல்லை எனக் கொன்ஸ்டன்டைன் ஹைகன்ஸ் இலத்தீன் குறுங்கவிதைகளில் கேலி செய்தார். இத்தனைக்கும் ரெம்பிராண்டின் திறமையை முதலில் பாராட்டியவர்களுள் ஹைகன்சும் ஒருவர். ரெம்பிராண்ட் இறந்து 12 ஆண்டுகளுக்குப் பின், 1681இல், ஆன்ட்ரீஸ் பெல்ஸ் நாடகக்கலை பற்றிய தமது செய்யுள் நூலில் அவரை ஓவியக்கலையின் மரபு மீறியவராகச் சாடினார். கிரேக்க அழகுத் தெய்வத்துக்கு மாற்றாகச் சலவைப் பெண்ணை மாதிரியாகக் கொண்டது அவர் கண்ட குற்றங்களுள் ஒன்று. பிற்காலத்தவர் ரெம்பிராண்டிடம் போற்றியதும் இவ்வியல்பையே ஆகும்.