எல்லையறியா நீர்

நாடுகளுக்கு எல்லையுண்டு, நீருக்கு எல்லையில்லை. ஒரு கரையில் வாழ்வோர் கொட்டும் கழிவு, மறுகரையில் வாழ்வோரின் குடிநீரிற் கலக்கின்றது. இவ்வுண்மையை மனிதர் எத்துணைத் தாமதமாக உணர்ந்தனர் என்பதற்கு வட அமெரிக்கப் பேரேரிகளின் வரலாறு தக்க சான்றாகும்.

பேரேரிகள் ஐந்தனுள் நான்கு, ஐக்கிய அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் பொதுவானவை. 1909 ஆம் ஆண்டில் எல்லை நீர்நிலைகள் பற்றிய உடன்படிக்கையொன்று கைச்சாத்தாயிற்று. அன்று கனடாவின் சார்பிற் கைச்சாத்திட்டது பிரித்தானியா. ஒரு பக்கத்தார், மறு பக்கத்தாரின் உடல்நலத்துக்கோ உடைமைக்கோ கேடு விளையுமாறு நீரை மாசுபடுத்தலாகாதென்பது அதன் விதிகளுள் ஒன்று.

அக்காலத்திலே நெருப்புக் காய்ச்சல் கரையோர நகரங்களை வாட்டிற்று. அவ்வுடன்படிக்கை வழியமைந்த கூட்டு ஆணைக்குழு, நீரிலுள்ள பற்றீரியாக்களைக் கணக்கிட்டு ஆராய்ந்தது. கழிவுநீரைச் சுத்திகரித்தே விடல் வேண்டுமென 1918 இல் அது அறிவித்தது. நகரங்களோ குடிநீருக்குக் குளோரீனிட்டு நோயைத் தடுத்துக்கொண்டன, ஏரியை மறந்தன.

மறந்ததன் பயனை ஈரி ஏரி காட்டிற்று. ஐந்தனுள்ளும் ஆழங்குறைந்த அவ்வேரியில் 1960களிற் பாசி மண்டிற்று. பாசி மடிந்து அழுகவே, அடிநீரில் ஒட்சிசன் அருகிற்று. இக்கேட்டுக்குக் காரணம் யாது? சலவைத்தூளிலும் கழிவுநீரிலும் உள்ள பொசுபரசே என்றனர் ஒரு சாரார். காபனே என்றனர் மற்றொரு சாரார். 1970 இல் ஆணைக்குழு பொசுபரசையே சுட்டிற்று. 1972 இல் இரு நாடுகளும் அதனைக் கட்டுப்படுத்த ஒப்பந்தஞ் செய்தன.

எஞ்சிய ஐயத்தை 1973 இல் தொடங்கிய ஆய்வொன்று நீக்கிற்று. ஒன்ராறியோவின் வடமேற்கே 226 ஆம் இலக்க ஏரியை டேவிட் சின்ட்லர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியிற் காபனும் நைதரசனும் இட்டனர். மறுபாதியில் இவற்றோடு பொசுபரசும் இட்டனர். பொசுபரசு இட்ட பாதியே பச்சைப்பசேலென மாறிற்று. வானிலிருந்தெடுத்த அதன் ஒளிப்படம், வாதங்கள் பலவற்றினும் வலிமையுடையதாயிற்று.

ஈரி ஏரி தெளிந்தது. ஆயினும் கதை முடியவில்லை. வயல்களிலிருந்து வழிந்த உரத்தால் மீண்டும் பாசி பெருகிற்று. 2014 ஓகத்து மாதத்தில் அதன் நஞ்சு டொலீடோ நகரின் குழாய்நீரில் தோன்றவே, நான்கு இலட்சம் மக்களுக்கு மேற்பட்டோர் அந்நீரைப் பருகலாகாதெனத் தடுக்கப்பட்டனர்.

பேரேரியின் கரையிலிருந்தும் பருக நீரில்லை! ஒப்பந்தம் ஒரு நாளிற் கைச்சாத்தாகிவிடும். நீரைக் காத்தலோ நாள்தோறும் செய்யவேண்டிய பணி என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.