பொற்பணியாளரும் பிற கலைகளும்

பொன்வினை செய்வார் பிறிதொரு கலையிற் புகுதல் தகுமோ என்னும் வினா நம்மவர் இல்லங்களிற் பலகாலும் எழுவதொன்று. மைந்தன் பட்டடையை விட்டுச் சித்திரத்தையோ கட்டடக் கலையையோ நாடுவானாயின், 'நம் கைத்தொழில் இவனோடு போயிற்று' என்று தந்தையார் வருந்துவர். அவ்வருத்தம் இகழத்தக்கதன்று. பல தலைமுறையாகக் கையும் கண்ணும் பழகிவந்த வினை ஒரு வீட்டில் அற்றுப்போதல் எளிய இழப்பாகாது. ஆயினும், தொழில் மாறியவழி அத்தொழில் தந்த அறிவும் உடன்மாய்ந்து விடுமோ என்பது ஆராயத்தக்கது. இதற்கு இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரின் பதினைந்தாம் நூற்றாண்டு வரலாறு பெரிதும் துணைசெய்வதாகலின், அதனை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

அந்நகரில் தொழில் செய்வோர் தத்தம் தொழிற்குரிய சங்கத்திற் பெயர் பதிந்து வரி செலுத்துதல் முறையாயிருந்தது. பொற்கொல்லர்க்கு அங்கே தனிச்சங்கம் இல்லை. அவர் பட்டு வாணிகர் சங்கத்தில் அடங்கியிருந்தனர். அவர்தம் பட்டறையிற் சேர்ந்த சிறுவன் நகை செய்தல் ஒன்றையே கற்றானல்லன். கோலம் வரைதல், மெழுகிற் கருப்பிடித்தல், மண்பூசி உருக்கி வார்த்தல், தகட்டைப் புடைத்தல், செதுக்குதல், பற்றவைத்தல், மணி பதித்தல் ஆகிய யாவும் அவன் கைக்கு வந்தன. வரைதலை விரித்தால் ஓவியம். கருப்பிடித்தலை விரித்தால் சிற்பம். போத்திச்செல்லி என்னும் புகழ்மிக்க ஓவியர் இளமையிற் பொற்கொல்லரிடம் விடப்பட்டவர் என்பர். கிர்லாந்தாயோ என்னும் ஓவியர்க்கு அப்பெயர் வந்ததும், அவர் தந்தையார் மகளிர் தலைக்கு அணியும் மாலை செய்த பொற்கொல்லராயிருந்தமையால் என்பர். அச்சொல்லின் பொருள் மாலை செய்வோர் என்பதே.

இனி, இவர் எல்லாரினும் நம் கருத்தைக் கவர்பவர் பிலிப்போ புருனெல்லெஸ்கி என்பவர். இவர் 1377-ஆம் ஆண்டிற் பிறந்தார். தந்தையார் பத்திரம் எழுதும் அலுவலர். மகனும் அவ்வழியே செல்லாது பொற்பணியை விரும்பி 1398-ஆம் ஆண்டிற் பட்டு வாணிகர் சங்கத்திற் பதிவு பெற்றார். பிஸ்தோயா என்னும் ஊர்த் தேவாலயத்து வெள்ளிப் பீடத்திற்கு இவர் செய்த உருவங்கள் இன்றும் உள்ளன.

1401-ஆம் ஆண்டில் பிளாரென்ஸ் நகரத்து ஞானஸ்நான மண்டபத்திற்கு வெண்கலக் கதவு செய்விக்கக் கருதிய துணி வாணிகர் சங்கத்தார் கலைஞர்க்குள் ஒரு போட்டி வைத்தனர். ஆபிரகாம் தம் மகனைப் பலியிடப் புகுந்த கதையை ஒரு பலகையிற் செய்து காட்டல் வேண்டும். எழுவர் முயன்றனர், இறுதியில் இருவரே எதிர்நின்றனர். ஒருவர் புருனெல்லெஸ்கி, மற்றவர் லொரென்சோ கிபெர்த்தி. இவரும் தம் மாற்றாந்தந்தையான பொற்கொல்லரிடம் தொழில் பயின்றவரே. புருனெல்லெஸ்கியின் பலகையில் உருவங்கள் தனித்தனியே வார்த்து அடித்தகட்டில் இணைக்கப்பட்டிருந்தன. கிபெர்த்தியோ பெரும்பகுதியை ஒரே வார்ப்பாகச் செய்தார். உள்ளே குடைவாக வார்த்தமையால் அவருடைய பலகை சுமார் 15 ராத்தல் எடை குறைந்திருந்தது. வெண்கலத்திற்கு மிகுந்த விலையிருந்த அக்காலத்தில் இஃது அற்பமான வேற்றுமையன்று. கதவு கிபெர்த்திக்குக் கிடைத்தது. அவ்விரு பலகைகளும் அந்நகரத்துப் பார்ஜெல்லோ பொருட்காட்சிசாலையில் இன்றும் உள்ளன.

கிபெர்த்தி அக்கதவிலும் அதற்குப் பின் செய்த வேறொரு கதவிலுமாக 1403 முதல் 1452 வரை ஏறக்குறைய ஐம்பதாண்டு உழைத்தார். இரண்டாவது கதவு 'சொர்க்க வாயில்' என வழங்கப்படுவது. வாயிலளவு பெரிதாயினும் வேலை நகையளவு நுண்ணிது. வார்ப்பின் மேற் சிற்றுளியால் திருத்திப் பாதரசங் கலந்த பொன்னைப் பூசி நெருப்பில் ஏற்றிய முறை, பொற்கொல்லர் பட்டறை முறையன்றி வேறில்லை.

தோல்வியுற்ற புருனெல்லெஸ்கி பொற்பணியைத் துறந்தாரல்லர். 1404-ஆம் ஆண்டில் முதிர்ந்த தொழிலாளராகச் சங்கத்தில் ஏற்கப்பட்டார். எனினும் அவர் உள்ளம் கட்டடங்களிற் படர்ந்தது. தூரத்துப் பொருள் சிறுத்துத் தோன்றும் முறையைக் கணக்கால் வரைந்து காட்ட, ஞானஸ்நான மண்டபத்தை ஒரு சிறு பலகையில் எழுதினார். அதில் வானம் இருக்குமிடத்தில் மெருகிட்ட வெள்ளியை வைத்தாரென்றும், மெய்வானத்து மேகங்கள் அவ்வெள்ளியில் நகர்ந்து தோன்றினவென்றும் அவர் சரிதம் எழுதியோர் கூறுவர். வானத்திற்கு வண்ணம் தேடாமல் வெள்ளியைத் தேடிய கை யாருடைய கை என்பது வாசிப்போர்க்கு விளங்கும்.

1419-ஆம் ஆண்டில் அநாதைக் குழந்தைகட்கு ஒரு பெரிய இல்லம் கட்டத் தொடங்கியபொழுது, அதனை வகுக்கும் பொறுப்பைப் பட்டு வாணிகர் சங்கத்தார் இவர்க்கே அளித்தனர். தம் பதிவேட்டிற் பொற்கொல்லர் என்றிருந்த ஒருவரை, அவர் சிற்பநூல் கற்றாரா என்று கேளாமற் கட்டடம் எடுக்க விட்டது அவருடைய சொந்தச் சங்கமே. இச்செய்தியை யாம் பெரிதாக மதிக்கின்றோம்.

அடுத்த ஆண்டிற் பேராலயத்தின் குவிமாடம் தொடங்கிற்று. அதன் அகலம் ஏறக்குறைய 140 அடி. வளைவு எழுப்புங்கால் கீழிருந்து மரச்சாரம் தாங்குதல் வழக்கம். அவ்வளவு உயரத்திற்கும் அகலத்திற்கும் ஏற்ற மரம் கிடைத்தல் அரிது. புருனெல்லெஸ்கி அடிச்சாரமின்றியே எழுப்பினார். உள்ளொன்றும் புறமொன்றுமாக இரண்டு ஓடுகள். மீன்முள் போலச் சாய்த்தடுக்கிய செங்கல். சுற்றிலும் கல்லும் மரமும் ஆகிய வளையங்கள். கற்றச்சர்க்குக் கருத்தை விளக்க மெழுகிலும் களிமண்ணிலும், சில வேளை பெரிய கிழங்குகளை அரிந்தும் மாதிரி செய்து காட்டினாராம். மாடுகளை நுகத்தினின்றும் அவிழ்த்துத் திருப்பாமலே பாரம் ஏற்றவும் இறக்கவும் வல்ல பற்சக்கர யந்திரம் ஒன்றும் அமைத்தார். இளமையிற் கடிகாரங்கள் செய்து பழகியவர் இவர் என்பர்.

அவர் குணத்தில் குறையில்லை என்று யாம் சொல்லவில்லை. கூலி மிகுத்துக் கேட்ட கொத்தரை விலக்கி வேற்றூராரை வைத்துப் பின்னர்ப் பழையவரையே குறைந்த கூலிக்கு ஏற்றுக்கொண்டார் எனச் சரிதம் கூறும். இது நமக்கு உவப்பன்று.

குவிமாடம் முடியுந் தறுவாயில், 1434-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கல்லும் மரமும் தொழில் செய்வோர் சங்கத்தார் அவரைச் சிறையிலிடுவித்தனர். தம் தொழிலைச் செய்துகொண்டே தம் சங்கத்திற்கு வரி செலுத்தவில்லை என்பது குற்றம். சங்கத்தார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. வரியின்றிச் சங்கம் நடவாது, ஒருவர்க்கு விலக்களித்தால் மற்றவரும் கேட்பர். ஆனால் அச்சங்கத்தில் எவரும் எடுக்க வல்லராகாத மாடத்தை எடுத்தவரை அதன் நிழலிலேயே சிறை வைத்தமையை என்னென்பது! பேராலயப் பணியை நடத்திய மன்றத்தார் தலையிட்டுச் சில நாளில் விடுவித்தனர். சிறையிடுவித்த சங்கத்தார் ஒருவரையும் பதிலுக்குப் பிடித்துவைத்தனர். 1436-ஆம் ஆண்டு பேராலயம் பிரதிட்டை செய்யப்பெற்றது. பத்தாண்டு கழித்துப் புருனெல்லெஸ்கி மறைந்தார்.

மாடத்தின் உச்சியில் வைக்கப் பொன்முலாம் பூசிய பெரிய செம்புருண்டை ஒன்று வேண்டியிருந்தது. அதனைச் செய்தவர் வெரோக்கியோ. அவரும் பொற்பணி பயின்று சிற்பத்திற்கும் ஓவியத்திற்கும் வந்தவரே. 1471-ஆம் ஆண்டு அவ்வுருண்டை மேலேற்றப்பட்டது. அப்பொழுது அவர் பட்டறையில் மாணாக்கராய் இருந்தவர் லியொனார்தோ தா வின்சி. செம்புத் தகடுகளை அங்கே பற்றவைத்த விதத்தை நினைவிற் கொள்ளவேண்டும் என்று பல்லாண்டு கழித்துத் தம் குறிப்பேட்டில் அவர் எழுதிவைத்தார்.