நீரேற்றுப் புனல் மின்நிலையம்: நிலைவேகமும் மாறுவேகமும்

நீரேற்றுப் புனல் மின்நிலையம் என்பது மிஞ்சும் மின்சாரத்தைக் கொண்டு கீழ்த் தேக்கத்து நீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றிவைத்து, தேவை கூடும் வேளையில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும் நிலையம். ஏற்றுவதற்குச் செலவான மின்சாரத்தில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு வரை திரும்பக் கிடைக்கும். பெரும்பாலான நிலையங்களில் ஏற்றும் வேலையையும் இறக்கும் வேலையையும் ஒரே இயந்திரம் செய்கிறது. ஒரு திசையில் சுழலும்போது அது விசையாழி. எதிர்த் திசையில் சுழலும்போது பம்பு. அதனுடன் ஒரே அச்சில் இணைந்த மின்பொறியும் ஒரு வேளை ஜெனரேட்டராகவும் மறுவேளை மோட்டாராகவும் இயங்கும். இந்த இயந்திரங்கள் நிலைவேகம், மாறுவேகம் என இரு வகைப்படும். தமிழ்நாட்டில் இயங்கும் ஒரே நீரேற்று நிலையமான கடம்பாறை முதல் வகையைச் சேர்ந்தது. இந்தியாவில் இரண்டாம் வகை உத்தராகண்டின் டெஹ்ரியில் 2025-இல் வணிக உற்பத்திக்கு வந்தது.

இயங்கும் முறை

நிலைவேக இயந்திரத்தில் உள்ள மின்பொறி, மின்கட்டமைப்பின் அலைவெண்ணோடு பூட்டப்பட்டது. 50 ஹெர்ட்ஸ் கட்டமைப்பில் 12 காந்தத் துருவங்கள் கொண்ட பொறி நிமிடத்துக்கு 500 சுற்றுதான் சுற்றும். கூடவும் குறையவும் வழியில்லை. மின்சாரம் எடுக்கும்போது இது பெரிய குறையல்ல. விசையாழியைச் சூழ்ந்த வழிகாட்டி இதழ்களைத் திறந்து மூடி நீரின் அளவையும், அதன் வழியே மின் அளவையும் மாற்றிக்கொள்ளலாம். பம்பாக ஓடும்போது இந்த வசதி போய்விடுகிறது. நீர் ஏற வேண்டிய உயரமும் சுற்று வேகமும் முடிவானால், பம்பு இழுக்கும் மின்சாரமும் ஏறக்குறைய முடிவாகிவிடும். 100 மெகாவாட் பம்பை முழுதாக ஓட்டலாம், அல்லது நிறுத்தலாம்.

பெரம்பலூர் மாவட்டம் எறையூர் போன்ற ஊர்களின் கிணற்றுப் பாசனத்தில் இதன் சிறு வடிவத்தைக் காணலாம். கோடையில் கிணற்று நீர்மட்டம் இறங்கினாலும் பம்புசெட் மோட்டாரின் வேகம் ஏறக்குறைய அதேதான். வாய்க்காலில் விழும் தண்ணீர்தான் குறைகிறது. மோட்டாருக்கும் மின்கம்பிக்கும் இடையே அலைவெண் மாற்றி ஒன்றை வைத்தால் வேகத்தை வேண்டியபடி வைக்கலாம். சூரிய மின்தகட்டில் ஓடும் பம்புசெட்டுகள் வெயிலுக்கேற்ப வேகம் மாறுவது இப்படித்தான். மாறுவேக நீரேற்று இயந்திரத்தின் அடிப்படையும் இதுவே. அளவு மட்டும் ஆயிரக்கணக்கான மடங்கு பெரிது.

பம்பு தள்ளும் நீரின் அளவு சுற்று வேகத்துக்கு நேர்விகிதம். ஏற்றும் உயரம் வேகத்தின் இருமடிக்கு விகிதம். இழுக்கும் மின்சாரம் மும்மடிக்கு விகிதம். ஆகவே வேகத்தில் பத்து விழுக்காடு மாறினாலே மின் அளவில் ஏறத்தாழ முப்பது விழுக்காடு மாறும். சிறிய வேக மாற்றத்தில் பெரிய பலன் கிடைப்பது இதனால்தான்.

வேகத்தை மாற்றும் வழிகள் இரண்டு. முதல் வழியில் மின்பொறியின் சுழலும் பகுதியான ரோட்டாரில் நேர்மின் காந்தங்களுக்குப் பதிலாக மும்முனைக் கம்பிச் சுருள் இருக்கும். அதற்குக் குறைந்த அலைவெண் மின்சாரம் தனியே ஊட்டப்படும். கட்டமைப்பின் அலைவெண்ணோடு ஒத்துப்போகும் ஒத்தியங்கு வேகத்திலிருந்து ரோட்டார் ஐந்து விழுக்காடு விலகினால் ஊட்ட வேண்டிய அலைவெண் 2.5 ஹெர்ட்ஸ்தான். மாற்றியின் திறனும் அந்தச் சிறு விலகலுக்கு ஏற்ற அளவில் இருந்தால் போதும். இரண்டாம் வழியில் பொறியின் முழு மின்சாரமும் மாற்றி வழியாகவே போகும். இதில் வேகத்துக்குத் தடை குறைவு. மாற்றியின் விலையும் இடத்தேவையும் கூடுதல். பெரிய நிலையங்கள் நெடுங்காலம் முதல் வழியையே பின்பற்றின.

மாறுவேகத்தால் விசையாழியின் திறனும் உயரும் என்பது பொதுவான கருத்து. ஒரே சக்கரம் பம்பாக இயங்க ஏற்ற வேகமும் விசையாழியாக இயங்க ஏற்ற வேகமும் ஒன்றல்ல என்பதே காரணம். உயர்வு எவ்வளவு என்பதில் கணிப்புகள் வேறுபடுகின்றன. நீர்மட்டம் அதிகம் ஏறி இறங்கும் இடங்களில் கூடுதலாகவும் மற்ற இடங்களில் ஓரிரு விழுக்காடாகவும் மதிப்பிடப்படுகிறது. மறுபக்கத்தில் பொறி பெரிதாகிறது, மலைக்குள் குடைய வேண்டிய அறை அகலமாகிறது, ரோட்டாருக்கு மின்சாரம் கடத்தும் நழுவு வளையங்களும் தூரிகைகளும் அடிக்கடி பராமரிக்க வேண்டியவை ஆகின்றன.

தொடக்கம்

நீரேற்று மின்நிலையங்களின் தொடக்கம் பொதுவாக 1890-களின் சுவிட்சர்லாந்தில் வைத்துச் சொல்லப்படுகிறது. தொடக்க கால நிலையங்களில் பம்பு, விசையாழி, மோட்டார், ஜெனரேட்டர் ஆகியவை தனித்தனியாக இருந்தன. ஜெர்மனியின் ரூர் ஆற்றங்கரையில் 1930-இல் இயங்கத் தொடங்கிய கோப்கென் நிலையம் அக்காலத்தின் பெரிய எடுத்துக்காட்டு. இரு வேலையும் செய்யும் ஒற்றை இயந்திரம் பெரிய அளவில் நிலைபெற்றது, அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் 1956-இல் ஹைவாசி அணையில் அதை நிறுவிய பிறகே.

ஜப்பான்

மாறுவேகம் நடைமுறைக்கு வந்த இடம் ஜப்பான். 1980-களில் அங்கு அணுமின் நிலையங்களின் பங்கு வளர்ந்தது. அவை இரவும் பகலும் ஒரே சீராக ஓட வேண்டியவை. இரவில் தேவை இறங்கும்போது கட்டமைப்பின் அலைவெண்ணைச் சீராக வைக்க, ஏற்றி இறக்கக்கூடிய அனல்மின் அலகுகளை அதற்கென்றே எரியவைக்க வேண்டியிருந்தது. இரவில் ஓடும் நீரேற்றுப் பம்பே தன் சுமையை ஏற்றி இறக்க முடிந்தால் அந்த எரிபொருள் மிச்சமாகும்.

கன்சாய் மின் நிறுவனமும் ஹிட்டாச்சியும் நாருதே நிலையத்தில் 1987-இல் ஒரு சோதனை அலகை ஓட்டின. டோக்கியோ மின் நிறுவனத்தின் யாகிசாவா நிலையத்தில் இரண்டாம் அலகு 1990-இல் மாறுவேகமாக்கப்பட்டது. உலகின் முதலாவது எது என்ற கேள்விக்கு, சோதனையைக் கணக்கில் கொள்வோர் நாருதேயையும் வணிக இயக்கத்தைக் கணக்கில் கொள்வோர் யாகிசாவாவையும் குறிப்பிடுகின்றனர். 1993-இல் ஒக்காவாச்சியில் 400 மெகாவாட் வகுப்பு அலகு வந்தது. அதன் ரோட்டாருக்கு தைரிஸ்டர்களால் ஆன சைக்ளோகன்வெர்ட்டர் என்ற அலைவெண் மாற்றி மின்சாரம் ஊட்டியது. 1996-இல் ஒக்குகியோட்சு இரண்டாம் நிலையத்தில் அதனிலும் புதிய வகை இன்வெர்ட்டர் கையாளப்பட்டது. பத்தே ஆண்டுகளில் சோதனை அளவிலிருந்து பெரும் அலகுகளுக்கு வளர்ந்த இந்த வரலாறு, பின்வந்த நாடுகளுக்கு முன்மாதிரி ஆயிற்று.

ஐரோப்பாவில் ஜெர்மனியின் கோல்டிஸ்தால் நிலையம் 2003–04-இல் இயங்கத் தொடங்கியது. அதன் நான்கு அலகுகளில் இரண்டு மாறுவேகம். சுவிட்சர்லாந்து, போர்ச்சுகல், ஸ்லோவேனியா ஆகிய நாடுகள் பின்தொடர்ந்தன. சீனாவின் ஃபெங்னிங் நிலையத்தில் 12 அலகுகளில் இரண்டு இவ்வகையின.

இந்தியாவில் நீரேற்று நிலையங்கள்

கிருஷ்ணா ஆற்றில் நாகார்ஜுனசாகரில் இருவழி இயந்திரங்கள் 1980-களின் தொடக்கத்திலேயே பொருத்தப்பட்டன. ஆனால் இறங்கிய நீரைப் பிடித்துவைக்கும் கீழ்த் தேக்கம் நெடுங்காலம் கட்டி முடிக்கப்படாததால், அவை விசையாழிகளாக மட்டுமே ஓடின. மகாராஷ்டிரத்தின் பைட்டணில் 12 மெகாவாட் நிலையம் 1984-இல் வந்தது. எனவே நாட்டின் முதல் நீரேற்று நிலையம் எது என்பது, இயந்திரம் பொருத்தியதைக் கணக்கிடுவதா நீர் ஏற்றியதைக் கணக்கிடுவதா என்பதைப் பொறுத்தது. குஜராத்தின் கடானாவில் அதிர்வுச் சிக்கலாலும், சர்தார் சரோவரில் கீழ்த் தேக்கம் இல்லாமையாலும் பம்பு இயக்கம் பல ஆண்டுகள் நின்றுபோனது. ஏற்றும் திறன் ஏட்டில் இருந்தும் நீர் ஒரு திசையில் மட்டுமே ஓடிய இந்த நிலையங்களுக்கு நடுவில், கடம்பாறை இரு திசையிலும் தொடர்ந்து ஓடிய சிலவற்றுள் ஒன்று.

கடம்பாறை

கடம்பாறை கோயம்புத்தூர் மாவட்டம் ஆனைமலையில் உள்ளது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைப்பாதையில் அட்டகட்டியிலிருந்து பிரிந்து செல்லும் வழியில் அடையலாம். ஆழியாற்றின் கிளையான கடம்பாறை ஓடையின் குறுக்கே கட்டிய அணை மேல் தேக்கம். மேல் ஆழியாறு அணை கீழ்த் தேக்கம். இடையே உள்ள உயர வேறுபாடு சுமார் 380 மீட்டர். மின்நிலையம் மலையைக் குடைந்து நிலத்தடியில் அமைக்கப்பட்டது. பம்பாக ஓடும் சக்கரம் கீழ்த் தேக்கத்தின் நீர்மட்டத்துக்குப் பல மீட்டர் அடியில் இருந்தால்தான், இழுக்கும் பக்கத்தில் நீராவிக் குமிழி உண்டாகி உலோகத்தை அரிக்காது. நீரேற்று நிலையங்கள் பல நிலத்தடியில் அமைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நூறு மெகாவாட் வீதம் நான்கு அலகுகள், 1987 முதல் 1989 வரை ஒவ்வொன்றாக இயக்கத்துக்கு வந்தன. மொத்தம் 400 மெகாவாட். பைக்காராவில் 1932-இல் தொடங்கிய தமிழகப் புனல் மின்வரலாற்றில், மலையிலிருந்து இறங்கிய நீர் மீண்டும் மலையேறியது இங்கேதான் முதல்முறை.

380 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கனமீட்டர் நீர் இறங்கும்போது, இழப்புகள் போக, ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும். வீட்டு மின்கட்டண அட்டையில் ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் இங்கே ஒரு கனமீட்டர் நீர். நான்கு அலகுகளும் முழுமையாக ஓடினால் நொடிக்கு ஏறத்தாழ 120 கனமீட்டர் நீர் இறங்க வேண்டும். அதை மீண்டும் ஏற்ற, கிடைத்ததைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மின்சாரம் தேவை. இரு தேக்கங்களும் பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனப் பகுதிக்கு மேலே இருப்பதால், மேல் ஆழியாற்றிலிருந்து வெளியேறும் நீர் நவமலையில் இன்னொரு மின்நிலையத்தை ஓட்டிவிட்டு ஆழியாறு அணைக்குப் போகிறது.

நிலையம் தொடங்கிய காலத்தில் அலகுகளின் வேகம் பெயரளவில்தான் நிலையானது. 1990-களில் தென்னகக் கட்டமைப்பின் அலைவெண் 50 ஹெர்ட்ஸில் நிற்காமல் உச்சநேரங்களில் 49-க்கும் கீழே இறங்குவது வழக்கம். அலைவெண் 48.5 ஆகும்போது கட்டமைப்போடு பூட்டிய பம்பும் மூன்று விழுக்காடு மெதுவாகும். அதன் ஏற்றும் உயரம் ஆறு விழுக்காடும் மின் இழுப்பு ஒன்பது விழுக்காடும் குறையும். கட்டமைப்பின் தள்ளாட்டம் மலைக்குள் இருந்த சக்கரத்திலும் தெரிந்தது. யாரும் கேட்காத மாறுவேகம் அது. அலைவெண்ணோடு விலையை இணைக்கும் முறை தென்னகத்தில் 2003-இல் வந்தபின் தள்ளாட்டம் பெரிதும் அடங்கியது. 2013 டிசம்பர் 31-இல் தென்னகக் கட்டமைப்பு நாட்டின் பிற கட்டமைப்புகளோடு ஒத்திணைக்கப்பட்டபோது, வேகம் உண்மையிலேயே நிலையானதாயிற்று.

இரவில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரேற்றுவதே திட்டத்தின் அடிப்படை. பற்றாக்குறை மிகுந்த ஆண்டுகளில் இரவிலும் மிச்சம் அரிதானது. அப்போது தேவையை நகர்த்த வேறு வழியும் கையாளப்பட்டது. பெரம்பலூர், அரியலூர் போன்ற மாவட்டங்களின் வேளாண் பம்புசெட்டுகளுக்கு மும்முனை மின்சாரம் நீண்ட காலம் நேரம் பிரித்து, பகலில் சில மணி இரவில் சில மணி என வழங்கப்பட்டது. மின்சாரத்தைச் சேமிக்க இயலாதபோது செலவழிக்கும் நேரத்தைச் சேமித்த முறை அது.

கடம்பாறை அணையின் நீர்க்கசிவும் தனி வரலாறு உடையது. இயங்கத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே கசிவு பெருகி, நிமிடத்துக்குப் பல்லாயிரம் லிட்டர் அளவுக்குப் போனது. ஏற்றிவைத்த நீரே சேமித்த மின்சாரம் என்பதால், ஒழுகிய ஒவ்வொரு கனமீட்டரும் ஒரு யூனிட் இழப்பு. 2005-இல் தேக்கத்தை வற்றவைத்து, அணையின் நீர்ப்பக்க முகம் முழுவதும் பிவிசி விரிப்பு பொருத்தப்பட்டது. கசிவு மிகச் சிறிய அளவுக்கு இறங்கியது. இந்தியாவில் இம்முறை பெரிய அணையில் கையாளப்பட்ட தொடக்க நிகழ்வுகளுள் இது ஒன்றாகக் கருதப்படுகிறது.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி, சூரிய மின்சாரமும் சேர்ந்தபின் மிச்சம் இரவிலிருந்து பகலுக்கு மாறியது. மேகம் கடக்கும்போதும் காற்று தணியும்போதும் அந்த மிச்சம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். நூறு நூறாக மட்டுமே மின்சாரம் இழுக்கும் கடம்பாறைப் பம்புகளால் அதன் போக்கைப் படிப்படியாகத்தான் பின்தொடர முடியும்.

டெஹ்ரி

பாகீரதி ஆற்றில் 260.5 மீட்டர் உயரமுள்ள டெஹ்ரி அணை மேல் தேக்கம். கோட்டேஷ்வர் கீழ்த் தேக்கம். டெஹ்ரியின் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 740 முதல் 830 மீட்டர் வரை ஆண்டுக்குள் ஏறி இறங்குகிறது. இந்த 90 மீட்டர் வேறுபாட்டை ஒரே வேகத்தில் ஓடும் பம்பு தாங்குவது கடினம். ஆகவே இங்கு மாறுவேகம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் கட்டமைப்பைவிட நீர்மட்டமே முதற்காரணம். ஒப்பந்தம் 2011-இல் கையெழுத்தானது. 250 மெகாவாட் வீதம் நான்கு அலகுகளில் முதலாவது, 2025 ஜூனில் வணிக உற்பத்தியைத் தொடங்கியது.

அண்மை நிலை

நீலகிரியில் போர்த்திமந்து, அவலாஞ்சி–எமரால்டு தேக்கங்களுக்கு இடையே 500 மெகாவாட் குந்தா நீரேற்றுத் திட்டம் கட்டப்பட்டு வருகிறது. அது முடியும் காலம் பலமுறை தள்ளிப்போயிற்று. அதே மாவட்டத்தில் 1,000 மெகாவாட் சில்லஹள்ளா திட்டம், சூழலியல் காரணங்களாலும் உள்ளூர் எதிர்ப்பாலும் விவாதத்தில் உள்ளது. தமிழ்நாடு அரசு 2024-இல் நீரேற்றுத் திட்டங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. குந்தா இயங்கத் தொடங்கும்வரை மாநிலத்தில் நீரை மேலேற்றிச் சேமிக்கும் நிலையம் கடம்பாறை ஒன்றே.