சித்தூர் எல்லையும் அமெரிக்கப் பாடமும்

அமெரிக்க அரசியலமைப்பை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சித்தூர் வரைபடமே நல்ல துணை என்போம். வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களினின்று பிரித்த பகுதிகளால் 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953-இல் ஆந்திரத்தோடு சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் கிளர்ந்தனர். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தை அடைந்தது. செங்கற்பட்டைச் சார்ந்திருந்த சத்தியவேடு ஆந்திரம் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன.

இத்தகைய மாற்றத்துக்கு நம் நாடாளுமன்றம் மாநிலச் சட்டமன்றங்களின் கருத்தைக் கேட்டாற் போதும், இசைவு வேண்டுவதில்லை. (படாஸ்கர் சமரசத்தை இரு அரசுகளும் ஏற்றது வேறு செய்தி.) அமெரிக்காவிலோ, ஒரு மாநிலத்தின் நிலத்தை அதன் சட்டமன்றம் இசையாமல் பிரித்துப் புதுமாநிலம் ஆக்க இயலாது.

திருப்பதியில் வளரும் தமிழ்ப் பிள்ளை, பாட்டியின் திருத்தணி ஏன் வேறு மாநிலம் என்று கேட்டால், இவ்விரு விதிகளையும் அருகருகே வைத்து நாம் விளக்கலாம்.