முத்தெடுத்தவன் பேர் என்ன?

மதுரையில் எம்.ஏ. தமிழ் படித்தபோது கொற்கை என்றாலே புல்லரிக்கும். பாண்டியன் துறைமுகம், யவனர் கப்பல், ரோமானியப் பொன். இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் காசு போகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி புலம்பியதையும் பெருமையாய்ச் சொல்வார்கள். சரி, அந்த முத்தை மூச்சடக்கி எடுத்தவன் யாரு? வகுப்பில் யாரும் கேட்கலை. நானும் கேட்கலை.

பதில் ஒரு யவனன் எழுத்தில் கிடக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளை இறக்கினார்கள் என்கிறது. ஒரே வரிதான். அந்த வரியைத் தாண்டிக் குதித்துத்தான் நம்ம புலவர்கள் முத்தின் ஒளிக்குப் போய்விடுகிறார்கள்.

‘குற்றவாளி’ என்ற சொல்லை மதுரைச் சீமையில் பிறந்தவங்க அப்படியே நம்பிவிட முடியாது. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளி ஆக்கிய குற்றப்பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3-இல் போலீஸ் சுட்டது. ஆகவே கேட்கிறோம்: கொற்கைக் கைதிகள் செய்த குற்றம் என்ன? தீர்ப்புச் சொன்னது யார்?

மதுரைக்காஞ்சியைப் புரட்டுங்கள். கொற்கையைச் சொல்லும் இடத்தில் முத்துக்குப் பக்கத்திலேயே ‘சேரி’ என்ற சொல் நிற்கிறது. சங்கு குளிப்பவர்கள் குடியிருப்பு என்று உரை சொல்கிறது. அன்னைக்கு அந்தச் சொல்லில் தீட்டு இல்லை. சோழர் கல்வெட்டுகளில் பிராமணர் குடியிருந்த பகுதிக்கும் சேரி என்றே பேர். சொல்லைத் தீட்டாக்கி நம்ம தலையில் மட்டும் கட்டியது பிறகு நடந்த வேலை. அந்த வேலைக்கும் வரலாறு எழுதணும்.

1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறை கொற்கையைத் தோண்டியது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் எப்போதோ தள்ளிப் போய், ஊர் உள்நாட்டில் கிடக்கிறது. வைகை முகத்துவாரத்து அழகன்குளத்தில் கப்பல் கீறிய பானை ஓடு கிடைத்தது. 2015-இலிருந்து கீழடி. பெருமைதான், மறுக்கலை. ஆனா கீழடிக் குழிக்குள் இறங்கி மண் அள்ளுகிறவங்க யாரு? தினக்கூலிக்கு வரும் சுற்றூர்ச் சனங்க. ஓட்டில் கீறிய ‘ஆதன்’ பேரை நாடே படித்தது. அந்த ஓட்டை மண்ணிலிருந்து எடுத்த கையின் பேரை எத்தனை பேர் கேட்டோம்?

துறைமுகத்தின் வரலாறு கப்பலில் தொடங்கவில்லை தோழர்களே. தண்ணிக்குள்ளே, அடக்கிய மூச்சில் தொடங்குகிறது. அங்கிருந்து எழுதுவோம்.