சோறுண்ணும் உடலும் அணுத்தூசிக் கணக்கும்

1954 மார்ச் 1 அன்று பிகினித் தீவில் அமெரிக்கா வெடிக்கவைத்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஜப்பானிய மீன்பிடி படகு ஒன்றின் மீதும் ரோங்கலாப் தீவு மக்கள்மீதும் விழுந்தது. ஏப்ரல் 2 அன்று சோதனைகளை நிறுத்திவைக்கக் கோரினார் நேரு. 1962இல் ராஜாஜி, 83 வயதில், அதே கோரிக்கையுடன் கென்னடியை நேரில் சந்தித்தார். இந்த அரசியல் நமக்குத் தெரியும். அந்தத் தூசு உடலுக்குள் எவ்வளவு சேர்ந்தது, அதை யாருடைய உடலை வைத்து அளந்தார்கள் என்பது அதிகம் பேசப்படவில்லை.

முதலில் மிரட்டியது ஸ்ட்ரான்சியம்-90. கால்சியத்தைப் போலவே நடந்துகொண்டு எலும்பில் குடியேறும்; அரைவாழ்வு ஏறத்தாழ 29 ஆண்டுகள். அதன் பீட்டா கதிர் உடலைத் தாண்டி வெளியே வராததால், எலும்பைச் சாம்பலாக்கித்தான் அளக்க முடிந்தது. 1953இல் அமெரிக்கா தொடங்கிய ‘சன்ஷைன் திட்டம்’ பல நாடுகளிலிருந்து இறந்தவர்களின் எலும்புகளைத் திரட்டியது. அவற்றில் குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. பெற்றோரைக் கேட்காமலே எடுத்ததும் உண்டு. அறிவியலின் பெயரால் நடந்த திருட்டு என்றே அதைச் சொல்ல வேண்டும். 1958 இறுதியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாய்மார்கள் தாங்களாகவே பிள்ளைகளின் விழுந்த பால்பற்களை அனுப்பத் தொடங்கியபோதுதான் கௌரவமான வழி பிறந்தது.

சீசியம்-137 வேறு வகை. தசையில் பரவும், காமா கதிரை வீசும். தடித்த இரும்பு அறையில் ஆளைக் கிடத்தி வெளியிலிருந்தே எண்ணிவிடலாம். நம் உடலில் இயல்பாகவே உள்ள பொட்டாசியம்-40 தரும் சுமார் 4,000 பெக்கரல் கதிரியக்கத்தையும் அதே கருவி பிரித்துக் காட்டும். பெரியவர் உடலிலுள்ள சீசியத்தில் பாதி ஏறக்குறைய மூன்று மாதத்தில் வெளியேறிவிடும். எனவே உணவு மாறினால் கணக்கும் மாறும். ரோங்கலாப் மக்கள் 1957இல் ஊர் திரும்பி உள்ளூர் விளைச்சலை உண்ணத் தொடங்கியதும் அவர்கள் உடலில் சீசியம் மளமளவென ஏறியது. உலகின் பிற பகுதிகளில் 1963 அணுகுண்டுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்கு அடுத்த ஆண்டு உச்சம் தொட்டு இறங்கியது.

உணவுதான் விஷயம் என்பதை ஐ.நா. அறிவியல் குழு 1958இலேயே கண்டுகொண்டது. இந்தியாவும் உறுப்பினராக இருந்த அக்குழு, பாலிலிருந்து கால்சியம் பெறும் மக்களையும் அரிசியை நம்பியிருக்கும் மக்களையும் தனித்தனியே கணக்கிட்டது. தீவனத்திலுள்ள ஸ்ட்ரான்சியத்தின் பெரும்பகுதியைப் பசு வடிகட்டிவிடுகிறது. சோறுண்பவருக்கு அந்த வடிகட்டி இல்லை. ஆகவே அரிசி உண்பவர்களுக்கான மதிப்பீடு அதிகமாக வந்தது. ஸ்ட்ரான்சியம் பெரிதும் தவிட்டில் தங்குவதால், தீட்டிய அரிசிக்கும் கைக்குத்தலுக்கும் கணக்கு வேறு.

இவ்வளவு தெரிந்த பின்னும், 1975இல் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் இத்தகைய கணக்குகளுக்காக வகுத்த ‘மாதிரி மனிதன்’ 70 கிலோ எடையுள்ள மேற்கத்திய ஆண். இந்திய விஞ்ஞானிகளும் பங்கேற்ற ‘மாதிரி ஆசிய மனிதன்’ தொகுப்பைச் சர்வதேச அணுசக்தி முகமை வெளியிட்டது 1998இல்.

இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்கும் நெருக்கமானது. வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்குப் போனால் கல்பாக்கம். அங்கே முதல் அணுஉலை 1983இல் இயங்கத் தொடங்கியது. ஊழியர்களின் உடலையும் சுற்றுவட்டார அரிசி, பால், மீன் ஆகியவற்றையும் அளக்கும் ஆய்வகங்கள் அங்கு உள்ளன. பாலாற்றுப் படுகையில் புழுங்கலரிசி உண்ணும் ஐம்பது கிலோ நெசவாளிக்கு அந்த எண்கள் என்ன சொல்கின்றன என்பதை ஆண்டுதோறும் எளிய தமிழில் வெளியிடுவதை அணுசக்தித் துறை தன் கடமையாக ஏற்க வேண்டும்.